பானையில் எழுதிய பெயர்

படப்பையிலிருந்து ஒரகடம் செல்லும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே தொழிற்சாலைச் சீருடையில் இளம் தம்பதியர் அமர்ந்திருந்தனர். ஜெபக்கூட்டத்துக்குத் தன் தாய் வருவதற்குள் அம்மன் படத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடும்படி கணவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“உங்க கர்த்தருக்கே பொண்டாட்டி இருந்தாங்களாம். பழைய இஸ்ரவேல்காரங்க பானையில எழுதிக்கீறாங்க, ‘கர்த்தரும் அவரோட அசேராவும்’னு. வீடியோவுல பார்த்தேன்.”

“பைபிள்ல அப்படி ஒரு பேரே இல்லியேமே.”

“கீது. பழைய தமிழ் பைபிள்ல அந்தம்மா பேரைத் ‘தோப்பு’ன்னு மாத்திட்டாங்களாம்.”

“ஐயோ, தோப்ப வெட்டிப் போடுன்னு இல்ல போட்டுகீது!”

“வூட்டுல இல்லாதத எவனாவது வெட்டச் சொல்லுவானா?”

அவன் முறுக்கிக்கிடந்த அவளுடைய அடையாள அட்டைக் கயிற்றை நேராக்கினான்.

“சரி, படம் இருக்கட்டும். அம்மா கேட்டா இன்னா சொல்றது?”

“தோப்புன்னு சொல்லு.”