நாலாவது ஆட்டத்தின் இடைவேளை

— கழட்டாதடா! கிளவுஸ் அமுக்கிப் பிடிச்சிருக்கிறதாலதான் வீங்காம இருக்கு. கழட்டினா மறுபடி உள்ள போகாது.

— வலி உயிர் போகுது, பாம்சோக் அண்ணே. தாழ் போட்டீங்களா?

— போட்டாச்சு. கக்கூஸுக்குள்ள ரெண்டு கோல் கீப்பர். டீமுக்குத் தெரிஞ்சா வருஷம் பூரா சிரிப்பானுங்க. எப்ப ஆச்சு?

— முப்பத்தெட்டாவது நிமிஷம். தட்டிவிட்டேன்ல, அந்தப் பந்து. வலது கை மோதிர விரல் பின்னாடி மடங்கிடுச்சு. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு.

— எப்படி மடங்கும்? கிளவுஸ் முதுகுல எலும்பு மாதிரி பிளாஸ்டிக் பட்டை இருக்கே. அது முன்னாடி வளையும், பின்னாடி வளையாது.

— உருவிட்டேன்.

— எத, பட்டையவா?

— அஞ்சு விரல்லயும். அது இல்லன்னா பந்து கையில நல்லா ஒட்டுது அண்ணே.

— அட முட்டாப் பயலே! விரல அசை பாப்போம்... உடைஞ்சிருக்கு, சான்யுல்.

— கோச்கிட்ட சொல்லிடாதீங்க. கால்ல விழுறேன். ஆர்மி டீமுக்கு ஆள் எடுக்கிறவரு மேல கேலரியில உக்காந்திருக்காரு. மொத்தமே நாலு மேட்ச் ஆடினவன் நான். பாதியில வெளிய போனா என் பேர எழுதுவாரா? எப்படியும் கட்டாய ராணுவ சேவைக்குப் போயே ஆகணும்; அவங்க எடுத்தா அங்கயும் பந்து ஆடலாம், எடுக்கலேன்னா டிசம்பர்ல மொட்டை அடிச்சு எல்லையில துப்பாக்கியோட நிக்கணும். ஒன்றரை வருஷம், பந்தே இல்லாம. அப்புறம் எந்த கிளப் கூப்பிடும்?

— கத்தாத.

— உங்களுக்கென்ன, நான் போனா உங்க இடம் திரும்பக் கிடைக்கும். அதுக்குத்தானே பெஞ்ச்லேர்ந்து பின்னாடியே ஓடி வந்தீங்க?

— பேசி முடிச்சிட்டியா? இப்ப கிளவுஸக் கழட்டு.

— கழட்டாதன்னீங்க?

— உன்னுது இனி உதவாது. என்னுதப் போட்டுக்கோ. ஒரு சைஸ் பெருசு, பட்டையும் இருக்கு. மொதல்ல டேப். மூட்டுக்கு மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து. மூட்டு மேலயே சுத்துனா விரல் மடங்காது, பந்து கையில நிக்காது.

— ஆ! கிளவுஸுக்கு மேலயே சுத்திடுங்களேன்!

— எந்த விரல்னு எதிர் டீமுக்குக் காட்டணுமா? அந்தப் பக்கமே அடிச்சுக் கொல்லுவானுங்க. துண்டக் கடிச்சுக்கோ. உயரப் பந்து எதையும் பிடிக்காத, குத்தி விடு. கார்னர்னா இடது கையால குத்து.

— அண்ணே... நிஜமாவே சொல்ல மாட்டீங்களா?

— மாட்டேன். எந்திரி, வெளிய கூப்பிடறாங்க.

— இந்த வலியோட நாப்பத்தஞ்சு நிமிஷம் தாங்குவேனான்னு தெரியல. முடியலேன்னா கை காட்டுறேன். ஆனா உங்க கிளவுஸ் என்கிட்ட இருக்கே, நீங்க எதப் போட்டுக்கிட்டு இறங்குவீங்க?

— நீ வெளிய வரவே கூடாதுடா. மூணு வாரமா என் இடது கை தோளுக்கு மேல எழும்பல. கோச்சுக்கே தெரியாது.