மூக்கனுக்கு நாலு கதவு

“ஹலோ... ஹலோ, அப்பா, கேக்குதா?... ஆமா, நான்தான்... ஆமா ஆமா, வேலையிலதான் இருக்கேன், பரவாயில்ல சொல்லுங்க... இருங்க, அது என்ன சத்தம்?”

தீயணைப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, அவள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கைப்பேசியோடு உள்ளே போகக் கூடாது. வீட்டோடு பேச அவளுக்கு இந்தப் படிக்கட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. மறுமுனையில் தகரம் அலறிக்கொண்டிருந்தது. கட்டிங் மெஷின் போடும் அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவாள்.

“வெல்டர் அண்ணன் வந்துட்டாரா? நான் லீவுல வந்தப்புறம்தான வரச் சொன்னேன்?... சும்மா இருந்தாராமா? சும்மா இருந்தா டீ வாங்கிக் குடுங்க, என் வண்டிய ஏன் தொட விடுறீங்க?... ம்... ம்... சரி, நான் கோடு போட்ட இடத்துலதான வெட்டறாரு? கூரையத் தாங்குற கம்பத்துல, சாக்பீஸால, நாலு விரல் அளவுக்கு... அது இல்லையா? அப்ப எதத்தான் வெட்டறாரு?”

“...கதவா?”

“என்ன கதவு?... அப்பா, அந்த வண்டிக்கு ரெண்டே ரெண்டு கதவுதான்... இல்லப்பா, தொலையல. யாரும் கழட்டிக்கிட்டுப் போகல. அது பொறக்கும்போதே ரெண்டு கதவோடதான் பொறந்துது.”

அதே காரின் நாலு கதவு வைத்த உடன்பிறப்புக்குத்தான் ஏக மவுசு. பழைய கார்ப் பைத்தியங்கள் எல்லாம் அதைத் தேடித்தான் ஊர் ஊராக அலைந்தார்கள். இந்த இரண்டு கதவுக்காரனை நாய்கூட சீந்தவில்லை. ஓர் அச்சகத்தின் பின்புறம், உள்ளே காகிதக் கட்டுகளை அடைத்துக்கொண்டு, கிடங்கோடு கிடங்காக அது கிடந்தது. நீண்ட மூக்கு, குட்டை முதுகு. பார்த்த நிமிடமே மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டாள். சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டி வாங்கி, பழைய எஞ்சினை ஒருவழியாக ஓட வைத்தாள். கூரையைத் தாழ்த்தி, பின்னால் அகலச் சக்கரம் மாட்டி, மூடியைக் கழற்றிவிட்டுப் புது எஞ்சின் வெளியே தெரிய, நிற்கும்போதே பாயப்போவது போல் இருக்க வேண்டும். ஹாட் ராட் என்று அவள் சொன்னபோது வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“எந்தப் பக்கம் வெட்டினாரு?... இடது பக்கம். எவ்வளவு?... முழுசாவா?... வெட்டின துண்டு எங்க?... சுவத்துல சாச்சு வெச்சிருக்கீங்களா. ரொம்ப சந்தோஷம்.”

“நான் கத்தல... மெதுவாத்தான் பேசறேன்... யார் யார் நிக்கறாங்க அங்க?... ஸ்பீக்கர அணைங்கப்பா மொதல்ல!... பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? அவர் சைக்கிளுக்குக் காத்தடிச்சே நான் பாத்ததில்ல... அவர் சொன்னா சரியா?”

“ஆமா... நான்தான் வெட்டச் சொன்னேன். கூரைய... ஆமா, அதுவும் வெட்டுதான்... ஆமாப்பா, வாஸ்தவம்தான். கூரைய வெட்டலாம்னா பக்கத்தையும் வெட்டலாம்தான். உங்க நியாயத்துல ஓட்டையே இல்ல. ஓட்டையெல்லாம் என் வண்டியிலதான் இருக்கு.”

அவள் குரல் படிக்கட்டில் மோதித் திரும்பி வந்தது. மேலிருந்து இறங்கிய இருவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மாவுக்கா?... தெரியும்ப்பா, முட்டிவலி எனக்குத் தெரியாதா... அன்னிக்கு மாட்டிக்கிட்டதும் தெரியும்... நான் எங்க சிரிச்சேன்? அண்ணன்தான் சிரிச்சான். நான்தான பின்னாடி நின்னு இழுத்து எறக்கினேன்?... ஆமா... ஆமா... மறக்கல.”

எப்படி மறக்கும்? வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு ஏற வந்தாள். முன்சீட்டை மடக்கிவிட்டு அந்தச் சந்துக்குள் நுழைந்து பின்சீட்டுக்குப் போக வேண்டும். பாதி போனவளுக்கு முட்டி மடங்கவில்லை. உள்ளேயும் போகாமல், வெளியேயும் வராமல் தொங்கினாள். தெருவே நின்று பார்த்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சமையலறையில் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தவள் அன்று முழுக்க வண்டிப் பக்கமே திரும்பவில்லை.

“சரிப்பா, புரியுது... அவளுக்குத் தனியா கதவு. புரியுது... கைப்பிடி வேறயா? அது எங்க கிடைச்சுது?... நம்ம பீரோவோடதா?... பூட்டும் இருக்கா. சரிதான். நகை வெக்கறதுக்கு வசதியா இருக்கும்.”

“அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்தப் பின்சீட்டே இருக்கப் போறதில்ல... எடுக்கப் போறேன். அந்த எடத்துல பெட்ரோல் டேங்க் வரும்னு சொன்னேனே... சொன்னேன்... சரி, வெல்டர்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லல.”

மெஷின் நின்றுவிட்டிருந்தது.

“அப்பா?... இருக்கீங்களா?... எங்க உக்காருவீங்கன்னா...”

மூக்கனைப் பற்றி அவள் கண்ட கனவில் எல்லாம் சாலை இருந்தது, இரைச்சல் இருந்தது, அவள் இருந்தாள். வேறு யாரையும் அவள் ஏற்றிக்கொண்டதே இல்லை. அதில் என்ன தப்பு? அவள் படிக்க வாங்கிய மேசை அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போடும் மேசை ஆயிற்று. கல்லூரிக்குப் போக வாங்கிய சைக்கிள் கேஸ் சிலிண்டர் சுமந்தது. அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்தைக்கூட சட்டம் போட்டு, யார் வந்தாலும் முதலில் கண்ணில் படட்டும் என்று வாசல் அறையில் மாட்டிவிட்டார்கள். எனக்கென்று ஒன்று, ஒரே ஒன்று, அதுவும் ஒரு ஆள் போகிற அளவுக்கு. இதைக் கேட்டால் குடும்பத்தையே வேண்டாம் என்றாளாம் என்று கதை கட்டிவிடுவார்கள்.

“இல்லப்பா, அப்படிச் சொல்லல... உங்கள வேணாம்னு யார் சொன்னா... ஐயோ, அப்பா... ஃபோன அம்மாகிட்ட குடுங்க. குடுங்க.”

“அம்மா, நீயாவது அவர்கிட்ட... நீ எங்கேருந்து பேசற? உள்ளேருந்தா? எந்த உள்ள?... வண்டிக்குள்ளயா! அம்மா, எறங்கு. இப்பவே எறங்கு... சௌகரியமா இருக்கறது இருக்கட்டும்மா, அந்தப் பக்கம் கூரையத் தாங்க ஒண்ணுமே இல்ல... ம்... நிமிந்தே ஏறிட்டியா?... முட்டி வலிக்கலையா?... ம்... சரிம்மா... சரி. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. எறங்கு.”

அவள் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டாள். சுண்ணாம்பு குளிர்ந்து கிடந்தது.

“அப்பாவா? எறங்கிட்டாளா?... சரி, இப்ப முன்கதவ மூடிப் பாருங்க... மூடலையா?... தூக்கி மூடினாலும் மூடாதுப்பா. ரெண்டு கதவு வண்டிக்கு அந்தப் பக்கத் தகடுதான் எலும்பு. எலும்ப எடுத்துட்டீங்க, நடு தொங்கிப்போச்சு... வெல்டர் பாத்துக்குவேன்னுதான் சொல்லுவாரு. கேளுங்க. நடுவுல ஜாக்கி குடுத்து, முன்கதவு தானா மூடற வரைக்கும் மெதுவா ஏத்துங்க. அப்புறம் வெட்டின எடத்துல குறுக்க ஒரு பைப்ப வெச்சு வெல்டு வைக்கச் சொல்லுங்க... கதவு வெக்கும்போது பைப்ப எடுத்துக்கலாம்... ஆமா, அப்புறம்தான் கதவு.”

தன் வண்டியை ஒழுங்காகக் கெடுப்பது எப்படி என்று தானே பாடம் நடத்திக்கொண்டிருப்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கீழ்க்கதவு திறந்தது. மேற்பார்வையாளரின் தலை எட்டிப் பார்த்தது.

“வந்துட்டேன் சார், ஒரு நிமிஷம்... உங்களச் சொல்லலப்பா. சரி, வெட்டினது வெட்டினதுதான். அம்மாவுக்கு ஒரு கதவு. இருந்துட்டுப் போகட்டும். சீட்டும் இருக்கட்டும், டேங்க வேற எங்கயாவது வெச்சுக்கறேன்... ஆமா, மனசாரத்தான் சொல்றேன்... ஆமா, கூரையும் தாழ்த்தல, போதுமா? நிறுத்திக்கச் சொல்லுங்க... வலது பக்கமா? அது எதுக்கு?... யாருக்கு?”

“...எனக்கா?”

“எனக்கு எதுக்குப்பா பின்னாடி கதவு?... அம்மா பக்கத்துலயா... ஆமா... ஆமா, நானும் குனிய வேணாம்தான்... நீங்க முன்னாடி, சரி. உங்க பக்கத்துல ஸ்டியரிங்ல யாரு?”

“...அண்ணனா.”

“அவனுக்கு கியர் மாத்தத் தெரியாதுப்பா!... கத்துக்குவானா? என் வண்டியிலயா? அப்பா, அச்சகத்துலேருந்து வீடு வரைக்கும் யார் ஓட்டிக்கிட்டு வந்தா? நீங்க பக்கத்துல உக்காந்து வழி பூரா கைப்பிடிய விடாம புடிச்சிருந்தீங்களே, அப்ப ஸ்டியரிங் யார் கையில இருந்துது?... அது வேறன்னா? என்ன வேற?... எல்லாரும் போகும்போது... ம்... யாருக்கு நல்லா இருக்காது?... பாக்கறவங்களுக்கு.”

திட்ட முடியவில்லை. அந்த மனிதர் ஒரு பாவமும் அறியாதவர். பீரோவின் கைப்பிடியைக் கழற்றி வண்டிக்குக் கொடுத்திருக்கிறார். மகள் ராணி மாதிரி நிமிர்ந்து ஏறி, சாய்ந்து உட்கார்ந்து, தெருவெல்லாம் பார்க்கப் போக வேண்டும் என்று அவளுக்காக ஒரு கதவு வெட்டுகிறார்.

“அப்பா, அழல... சளி... நான் சொல்றத ஒரு தடவ கேளுங்க, வலது பக்கத்தத் தொட வேணாம். நான் வர்ற வரைக்கும்... அப்பா? மெஷின் ஏன் ஓடுது? யார் போட்டாங்க?... வெல்டர்கிட்ட சொல்லுங்க... கையக் காட்டி நிறுத்துங்கப்பா, கேக்காது அவருக்கு... அப்பா! எனக்குக் கதவு இருக்கு. ஏற்கெனவே இருக்கு, முன்னாடி, ஸ்டியரிங் பக்கத்துல... ஹலோ?... அப்பா, அந்தக் கதவு என்னோடது... ஹலோ?... ஹலோ?”