அடுத்த பேர்

சிரம்பான் போகும் பஸ் ராசா பக்கம் சாலை நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு கைப்பேசி.

“இந்தத் தடவை என் மவன் பேரக் கூப்பிட்டா நான் பதில் சொல்லப் போறேன்” என்றார் மூத்தவர்.

“ஐயோக்கா, இது ஃபிரான்ஸ்ல நடக்குதுலா! குண்டு வெடிச்சு செத்தவங்களுக்கு அந்த நாடே வருஷா வருஷம் பேர வாசிச்சு நினைவு நாள் நடத்துது. நீங்க பேசறது அங்க எப்படிக் கேக்கும்?”

“எஸ்டேட்டுல காலையில பெரட்டுல நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாங்களே, மறந்துட்டியா? பதில் வராம கணக்கெழுதுற கிராணி அடுத்த பேருக்குப் போவாரா? போன வருஷம் நான் அழுதுகிட்டே வாயைத் தொறக்கல.”

“அக்கா, வருது வருது! சவுண்டக் கூட்டுங்க!”

ஒரு வெள்ளைக்காரக் குரல் தடுமாறித் தடுமாறி, “சேவியர் அந்தோணிசாமி” என்றது.

அந்த அம்மா எழுந்து நின்றார். பஸ்ஸே திரும்பிப் பார்க்க, “இருக்கான்யா!” என்று கத்தினார்.

கைப்பேசியில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு வேறொரு பெயரை வாசித்தார்கள்.

“கேட்டிருச்சுடி!” தோழியின் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். “பாரு, அடுத்த பேருக்குப் போயிட்டாங்க!”