நூத்திப் பன்னெண்டாம் பக்கம்

நில்லுங்க சார், அங்கனயே நில்லுங்க. செருப்பக் கழத்தாண்டாம். பையில என்ன, பொன்னாடையா? சரிக பளபளன்னுதான் இருக்கு. ஆமா, நீங்க அனுப்புன பொஸ்தகம் வந்துச்சு. அழைப்பிதழும் வந்துச்சு. சனிக்கெழம காலேஜு மேடையில எங்க வீட்டு ஆள ஏத்தி, சங்கு குளிக்கிற பாஸ்கல்னு சொல்லி எல்லாரும் கை தட்டப் போறியளாம்லா. பதிலு போடலன்னுதான வந்திய? போடத் தோணல, போடல.

அவிய இருக்காவ. எங்க போவாவ. மொதல்ல என்ட்ட பேசுங்க.

என்ன சார், ஆள மறந்துட்டியளா? நான் ஆக்னஸ். போன பொங்கலுக்கு முந்துன வாரம் இந்த நடையிலதான் உக்காந்திய. உடங்குடி கருப்பட்டி போட்டு சுக்குக் காப்பி தந்தேன், ரெண்டு தம்ளர் குடிச்சிய. ஒடம்புல உள்ள உறுப்புக்கெல்லாம், வார நோவுக்கெல்லாம் சங்கு குளிக்கிறவங்க என்ன பேரு சொல்லுவாங்க, எழுதிட்டுப் போவணும்னு நோட்டும் கையுமா வந்திய.

நெனப்பு வருதா? வரும் வரும்.

நீங்க கேட்டதக் காட்டியும் சொன்னதுதான் கூட. காதுக்கு உள்ள சுருண்டு ஒண்ணு இருக்காம், அதுக்கு கிரேக்கத்துல ஊதுத சங்கோட பேராம். அத நீங்க சொல்லவும் அவிய மொகத்தப் பாக்கணுமே! ஏளா ஆக்னஸ், முப்பது வருசமா சங்கு பொறுக்குதேன், என் காதுக்குள்ளயே ரெண்டு கெடந்திருக்கு பாத்தியான்னு ஒரே சிரிப்பு. தோளுக்கு முன்ன இருக்க எலும்புக்கு குட்டிச் சாவின்னு அர்த்தமாம். முதுகுக்குக் கீழ நுனி எலும்புக்கு குயிலு மூக்காம். கெண்டக்காலுக்கு நம்மாளு மீன் பேர வச்சிருக்கான்னு நீங்க சொல்ல, அப்ப இவரு காலுல கொழம்பு வைக்கலாமான்னு நான் கேக்க, ச்சே. நானும் சிரிச்சேன் சார். அத நெனச்சாத்தான் எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது.

அன்னைக்கு வாசல்ல ஆட்டோ நின்னுச்சு, பாத்தியளா? பாக்கலயா. நீங்க எங்க பாப்பிய, உங்களுக்கு வார்த்ததான வேணும். அது நான் சொல்லி வச்ச ஆட்டோ. மத்தியானம் கடல்லேருந்து வந்ததுல இருந்தே ரெண்டு தோளும் குத்துது, முட்டுக்குக் கீழ மரத்துக் கெடக்குன்னாவ. கம்ப்ரசர் காத்துக் குழாய வாயில கடிச்சிட்டு பன்னெண்டு பாகம், எழுவது அடிக்கு மேல ஆழத்துல மணிக்கணக்கா கெடக்குத ஆளுக்கு இது வாரதுதான். காத்துப் புடிச்சிட்டுன்னு சொல்லுவோம். கடல்ல புடிச்ச காத்த கடல்லயே விடணும், மறுநா எறங்குனா சரியாப் போவும்னு இங்கன ஒரு பேச்சு. சில ஆளுக்கு சரியாவும் போயிருக்கு. எனக்கு மனசு கேக்கல. ஆசுபத்திரிக்குப் போயே தீரணும்னு ஒத்தக் கால்ல நின்னு, மல்லுக்கட்டி, சட்டையும் மாட்டி விட்டுட்டேன். அந்நேரம்தான் நீங்க வந்து எறங்குனிய.

அவிய உங்கள்ட்ட சொன்னாவளா இல்லயா? காலு மரத்திருக்கு சார், இதுக்கு நாங்க காத்துப் புடிச்சிட்டுன்னு சொல்லுவோம்னு. நீங்க என்ன செஞ்சிய? துள்ளிட்டிய. இதுக்கு இங்கிலீஸ்ல பெண்ட்ஸுன்னு பேரு, அந்தக் காலத்துல ஆத்துக்கு அடியில பாலத்துக்குக் கால் ஊனுனவன் வலியில வளைஞ்சு வளைஞ்சு நடந்தான், சீமப் பொம்பளைங்க குனிஞ்சு ஒயிலா நடக்குத மாதிரி இருக்குன்னு கூட வேல பாத்தவன் கேலியா வச்ச பேருன்னு, நீங்களே எந்திச்சு நடந்து வேற காட்டுனிய. அவியளும் எந்திச்சு நடந்தாவ. வீடே சிரிச்சுச்சு. ஆட்டோக்காரனும் எட்டிப் பாத்துச் சிரிச்சான்.

நீங்க போன பெறவு அவிய ஆட்டோவ அனுப்பிட்டாவ. ஏன்னு கேட்டேன். சீமையிலயே கேலிப்பேரு வச்ச நோயிளா இது, பேரில்லாத சீக்குக்குத்தான் பயப்படணும், இதுக்குப் பயப்படணும்னா சார்வாள் சொல்லாமலா போயிருப்பாரு, அப்டின்னாவ. விடியக்காலம் காத்த விடப்போறேன்னு கடலுக்குப் போனாவ.

என்னது? இது ஆபத்துன்னு உங்களுக்கு அப்பத் தெரியாதா? பெறவுதான் படிச்சியளா? இந்தா பாருங்க, பொய் சொன்னிய, சங்கக் கடிச்சுத் துப்பிருவேன். உங்க போன்ல படம் காட்டுனியளே, பெட்டிக்குள்ள ஆளப் படுக்க வச்சு காத்து அடிக்குத படம். எங்க மவ ஜெப்ஸி பக்கத்துல நின்னு பாத்தா. இது என்ன சார்னு பிள்ள கேட்டதுக்கு, அது வைத்தியம்மா, நமக்கு இப்ப பேருதான் முக்கியம்னு சொன்னீரா இல்லயா? மாதா மேல சத்தியமாச் சொல்லும்.

தலயக் குனிஞ்சா? நிமிந்து பாரும் வேய்.

பொஸ்தகம் வந்த அன்னைக்கு ஜெப்ஸிதான் வாசிச்சுக் காட்டுனா, குசினியில அடுப்புக்கிட்ட வச்சு, எனக்கு மட்டும். நூத்திப் பன்னெண்டாம் பக்கம். இப்பத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். காத்துப் பிடித்தல். நீர்மூழ்குவோர்க்கு வரும் நோய். கால் மரத்துப்போன அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மறுபடி கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் உயிரோ நடையோ போகும். கீழ சின்ன எழுத்துல, தகவல் தந்தவர் திரு. பாஸ்கல். அவிய பேரு. அதுக்கு மேல இருக்கதுல ஒத்த வரிய அவியட்ட சொல்லல நீரு, பேர மட்டும் வாங்கிப் போட்டிருக்கீரு.

மன்னிப்பா? எனக்கு எதுக்கு. அத நீரு வச்சுக்கிடும்.

அவிய உம்ம மேல ஒரு கோவமும் படல, அது தெரியுமா? அந்தப் பொஸ்தகத்த நான் அரிசி டிரம்முக்கு அடியில வச்சிருக்கேன், இன்னும் கண்ணுல காட்டல. அழைப்பிதழ மட்டுந்தான் குடுத்தேன். அதுல பேரு போட்டிருக்கத பக்கத்து வீட்டுல எல்லாம் காட்டச் சொல்லி ஒரே அலப்பற. சனிக்கெழமைக்குன்னு முந்தாநாளே சவரம் பண்ணியாச்சு.

அது கெடக்கட்டும். அந்த மேடைக்குப் படி எத்தன? ஏழா? வீல் சேர் ஏறுத மாதிரி சாய்ப்பு எதுவும் உண்டுமா? இல்லன்னா யாரு தூக்குவா? நீரு தூக்குவீரா? ஒண்ணும் பாரமில்ல, பதினோரு மாசத்துல இடுப்புக்குக் கீழ வத்திப் போச்சு. கட்டில்லேருந்து காலையில எறக்கி ராத்திரி ஏத்துததுக்கு நான் ஒருத்தி போதும்.

பதறாதேயும். செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் எங்கிட்ட பண்ணாண்டாம், உள்ள இருக்காவ, அவியட்ட பண்ணும். வாரும். செருப்பக் கழத்தும். பொஸ்தகத்த நானே எடுத்துத் தாரேன். பக்கத்துல உக்காந்து அந்தப் பக்கத்த உம்ம வாயால வாசியும், ஒரு வரி விடாம. வாசிச்சு முடிச்ச பெறவும் சனிக்கெழம வாரேன்னு அவிய சொன்னாவன்னா, நானே சட்ட மாட்டிக் கூட்டிட்டு வாரேன்.