கம்பி பார்த்தவன்

முதலில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள் சார். பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. வலது முட்டி. மாடிப்படி ஏறி இறங்கியே தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஏறும்போது அவ்வளவு வலிக்காது. வீம்பு கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். இறங்கும்போது முட்டி மட்டும்தான் தாங்க வேண்டும்.

போன மாதம் நீங்கள் என்னை விசாரித்தது ஞாபகம் இருக்கும். பால்கனி இடிந்து ஒரு மேஸ்திரி செத்த கேஸ். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "பெரியவரே, நீங்க வீட்டுக்குப் போங்க. இதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தப் 'பெரியவரே' இன்னும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

நீங்கள் எடுத்த முடிவில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

செத்தவன் என் மனைவியின் தம்பி. அவளைக் கட்டிய புதிதில் என்னிடம் கலவைச் சட்டி தூக்க வந்தவன். தொழில் முழுக்க என் கைப்பிடித்துக் கற்றான். ஆட்கள் அவனை மட்டக்கோல் என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடையில் கிளாஸை வைத்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். "மச்சான், டீ கோணலா இருக்கா, டேபிள் கோணலா இருக்கா?" என்பான். கடைக்காரர், "உன் கண்ணுதான்யா கோணல்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரு பிரிவினை உண்டு. மட்டம் அவனுடையது, கம்பி என்னுடையது. கலவை கொட்டுவதற்கு முன் நான் மேலே ஏறிப் போய், குச்சியால் கம்பியைத் தட்டிப் பார்த்து, "போடு" என்று சொல்ல வேண்டும். அதுவரை ஒரு சட்டிகூட விழாது. வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் விழாது. பால்கனி என்றால் இரண்டாவது தடவையும் பார்ப்பேன். அறைக்கான தளத்தை முதலில் போட்டுவிட்டு, பால்கனியைக் கடைசியில் போடுவோம். அதுவரை சட்டி தூக்குகிற ஆட்கள் பால்கனிக் கம்பியின் மேல்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

இது உங்களுக்குப் புரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். அறைக்குச் சுற்றிலும் சுவர் இருக்கிறது. அதன் தளத்தில் கம்பி அடியில் கிடந்தால் போதும். பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு. அதில் கம்பி மேலே இருக்க வேண்டும். மேலே இருக்கிற கம்பிதான் வீட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஆட்கள் மிதித்து மிதித்து அது அடியில் போய்விட்டால், பால்கனி பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே முட்டுக் கொடுத்த கம்புகள் இருக்கிறவரை நிற்கும். அந்த முட்டுகளை எடுத்தால் நிற்காது.

முட்டு எடுக்கிற அன்று மட்டக்கோல் ஒரு வேலை செய்வான். பால்கனியின் விளிம்பில் போய் நின்றுகொண்டு டீ குடிப்பான். கீழே சென்ட்ரிங்காரர் ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுப்பார், மேலே இவன் ஒவ்வொரு வாயாகக் குடிப்பான். கடைசி முட்டு விழும்போது கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவான். வீட்டுக்காரர்களுக்கு அது சர்க்கஸ். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வேலை கொடுத்தவர்கள்கூட உண்டு.

எல்லா வேலையிலும் செய்வான். ஒன்றில்கூடத் தவறியதில்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி போன பிறகு, இப்போது பால்கனி இடிந்ததே, அந்த வீட்டு வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். தொழில்காரன் ஓய்வைப் பற்றிப் பேசுவது, பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியை எடுப்பது மாதிரி சார். யாராவது குறுக்கே வந்து நிற்க வேண்டும். யாரும் நிற்கவில்லை. "நல்லதுதான். இருக்கிற முட்டியாவது மிஞ்சும்" என்றாள் மனைவி. அவள் தம்பி சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா மச்சான். நீங்க வீட்ல இருங்க. நான் பாத்துக்கறேன்" என்றான். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

வேறு வழி தேடாமல் இல்லை. ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கேட்டுப் போனேன். அங்கே இருந்த தம்பி என் கையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், "கம்ப்யூட்டர் தெரியுமாண்ணே?" என்றார். தெரியாது என்றேன். சிமென்ட் மூட்டை வைக்கிற கொட்டகைக்கு ஆள் தேவைப்படுகிறது, உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் கட்டிய கட்டடங்களில் எத்தனை பேர் பிள்ளை பெற்றிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. வெளியே வந்து, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. கலவை மெஷின் இருக்கிறது. முட்டு, பலகை எல்லாம் இருக்கிறது. அவற்றை வாடகைக்கு விட்டால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். சின்னதாக ஒரு கொட்டகை, முன்னால் ஒரு நாற்காலி. மெஷின் வேண்டும் என்றால் என்னிடம் வந்து கேட்க வேண்டும். கேட்டு வருகிற ஆள் இருக்கிறவரை ஒருவன் கான்ட்ராக்டர்தான்.

அதைத்தான் அவன் கேட்டான். டீக்கடையில், ஆட்களுக்கு முன்னால்.

"மச்சான், மெஷினும் முட்டுங்களும் மட்டும் எனக்கு விட்டுடுங்க. அடுத்த வீடு பேசி முடிச்சிட்டேன்."

"எப்ப பேசின?"

"போன வாரம். அந்த வீட்டுக்காரரு முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணாராம். நீங்க எடுக்கலையாம்."

என் போன் அடிக்கவே இல்லை. சென்ட்ரிங்காரர் குறுக்கே விழுந்து, "அப்புறம் என்ன, மச்சானுக்கு இனிமே பென்ஷன்தான். தினம் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்" என்றார். சிரித்தார்கள். மட்டக்கோல் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "சும்மா இருங்கண்ணே" என்று அவரை அதட்டினான். என் கிளாஸில் மிச்சம் இருந்த டீ ஆறிவிட்டது என்று வேறு டீ சொன்னான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் திருப்பி முட்டலாம். மடியில் வந்து படுத்துக்கொண்டு, எழுந்திரு என்று சொன்னால் என்ன செய்வது?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

தளம் போடுகிற நாள் வந்தது. காலையில் எல்லாக் கம்பியும் பார்த்தேன். சரியாக இருந்தது. "போடு" என்றேன். அறைகள் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பால்கனி. நான் கீழே சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்தார். "பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மேஸ்திரியோட வண்டிய நிழல்ல நிறுத்தணும்" என்றார். தள்ளி உட்கார்ந்தேன். மேலிருந்து அவன் குரல் கொடுத்தான்.

ஏறிப் போனேன். பால்கனிக் கம்பி முழுக்க மிதிபட்டு அடிப்பலகையோடு படுத்திருந்தது. அதைத் தூக்கிப் பிடிக்க வைத்திருந்த வளைகம்பிகள் எல்லாம் சப்பளிந்து கிடந்தன. புது ஆட்கள், கால் பார்த்து வைக்கத் தெரியாதவர்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டு, தூக்கிக் கட்டச் சொன்னால் ஒரு பீடி பிடிக்கிற நேரம்தான் ஆகும். அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்று, அறைத் தளத்தை மட்டப்பலகையால் இழுத்துக்கொண்டிருந்தான். கீழே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. என் மெஷின்.

"மச்சான், போடலாமா?" என்றான், திரும்பாமலேயே.

குச்சியால் தட்டினேன். பலகையில் தட்டினால் வருகிற சத்தம்தான் வந்தது.

"போடு" என்றேன்.

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று நீங்கள் எழுதலாம். அப்படி எழுதினால் எனக்கு நல்லது. ஆனால் முட்டு எடுக்கிறவரைக்கும் வாரக்கணக்கில் நாள் இருந்தது சார். தினமும் போய் அந்தப் பால்கனிக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். குடம் தூக்க முடியாமல், வாளியில் பாதிப் பாதியாக. "எதுக்கு மச்சான் இந்த முட்டியோட? ஆள் விடறேன்" என்றான். கடைசி வேலை, நானே செய்கிறேன் என்றேன். வீட்டுக்காரர்கூட முதல்முறையாக என்னைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னார்.

சொல்லியிருக்கலாம். உடைத்துவிட்டு மறுபடி போட்டிருப்போம். யாரும் செத்திருக்க மாட்டார்கள். முட்டியோடு கண்ணும் போய்விட்டது என்று டீக்கடையில் பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். நான் அதைத் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் அல்ல, தண்ணீர் ஊற்றிய எல்லா நாளும் பார்த்தேன்.

விரிசல் விட்டு அவன் பெயர் கெட்டால் போதும் என்று நினைத்தேன். இதை வேறு யாரிடமாவது சொன்னால் நம்புவார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். ஆனால் முட்டு எடுக்கும்போது அவன் எங்கே நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வெயில் அவ்வளவாக இல்லை. எனக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் கிளாஸோடு விளிம்பில் வந்து நின்றான்.

"மச்சான், மேல வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம். உங்க கடைசி வேலையில்ல."

"முட்டி இடம் கொடுக்கலடா."

"ஏறி மட்டும் வாங்க. எறங்கறப்ப நான் தூக்கிட்டு வரேன்."

"நீ நில்லு" என்றேன். "நான் இங்கிருந்து பாக்கறேன்."

அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தூசி வரும் என்பதால்.

கடைசி முட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. கதவு கீலோடு கழன்று விழுந்த மாதிரி இருந்தது. முதல் மாடிதான், வெறுமனே விழுந்திருந்தால் கை கால் ஒடிந்திருக்கும். பால்கனியும் கூடவே வந்தது. சென்ட்ரிங்காரருக்குக் கால் போனது எனக்கு வருத்தம்தான். அவருடைய பென்ஷன் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் சுவர் ஓரமாக நின்றிருக்க வேண்டும்.

இன்ஜினியர் வந்து, உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கம்பி அடியில் கிடக்கிறது, மேஸ்திரிக்கு விவரம் போதாது என்றார். ஆட்கள் எல்லோரும் மட்டக்கோல் பெயரைத்தான் இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த சென்ட்ரிங்காரர் ஒருத்தர்தான், பெரியவர் கம்பி பார்த்தாரே என்று சொன்னாராம். அதற்கு வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா சார்? நீங்கள்தானே கேட்டீர்கள். "அவரு சும்மா, மரியாதைக்கு வந்து உக்காருவாரு. வேலையெல்லாம் மேஸ்திரிதான்." நீங்களும் அதையே எழுதிக்கொண்டீர்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள்.

நான் சும்மா உட்காரவில்லை. அந்த வேலை என்னுடையது. கம்பி பார்த்தது நான். அடியில் கிடக்கிறது என்று தெரிந்து "போடு" என்றதும் நான். அவனுக்குத் தொழில் தெரியாது என்று ஊர் பேசுகிறது. எனக்குத் தொழிலே இல்லை என்று பேசுகிறது. இரண்டும் பொய்.

வீட்டில் தெரியாது. மனைவி ராத்திரியில் என் முட்டிக்கு எண்ணெய் தடவுவதை இன்னும் நிறுத்தவில்லை. நேற்று தடவிக்கொண்டே, "நீங்க பாத்துட்டா அவன் திரும்பப் பாக்க மாட்டானே. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள். குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். முட்டி போனவனுக்குக் கண்ணும் போயிருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கிளம்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று. மெஷின் அந்த வீட்டு வாசலிலேயே தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. யாருடையது என்று எழுத வேண்டியிருந்தால், என்னுடையது என்று எழுதுங்கள். அதை நான் வாங்கிய அன்று அவன்தான் பூசணிக்காயைப் போல அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்து வந்தான். என் மெஷின், என் மெஷின் என்று இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா.

பொறுங்கள். அதை அடித்துவிடுங்கள்.

வாங்கும்போது என் கையில் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கல்யாணம் ஆன புதிது. அவன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறை, கையில் கிடந்த தங்க வளையல் இரண்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "மெதுவா மீட்டுத் தாங்கண்ணா, அவசரமில்ல" என்றாள். அடகில் வைத்தேன், மூழ்கிப்போனது. அவள் ஒருநாளும் கேட்கவில்லை. டீக்கடையில் மெஷினைக் கேட்டபோதுகூட அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், உரிமை இருந்தது.

அந்த இரண்டு வளையலையும் நான் அவளுக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.