கரேகோல் கிணறு வரை ஒரு கோடு

இன்ஸ்பெக்டர், அந்த மூலைக் குழாயை யாராவது இறுக்கி மூடினால் நன்றாக இருக்கும். சொட்டுச் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நடந்தபடியே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்று. நான் எந்தக் கிணற்றிலும் எதையும் ஊற்றவில்லை. பாறை வெடிப்புகளைத் தேடிப்பிடித்து வரைபடத்தில் கோடு போடுவதுதான் என் வேலை. எங்கள் மலைகள் கருங்கல். தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் போகும், அழுக்கும் அதே வழியில்தான் போகும்.

கரேகோல் கிராமத்துக்கு மேலே, முகட்டுக்கு மறுபக்கம், ஒரு முலாம் பூசும் பட்டறை இருக்கிறது. உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் நச்சுத் திரவத்தை மண்ணிலேயே கொட்டி வந்திருக்கிறார்கள். கோடையில் அங்கே துளை போட்டேன். ஆழத்து வெடிப்பில் அந்தத் திரவம் தேங்கி நின்றது. அந்த வெடிப்பு முகட்டைக் கடந்து கரேகோலின் பொதுக்கிணறு வரை வருகிறது என்று கோடு போட்டேன். என் மேலதிகாரி பியோ சங்க்யு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏம்ப்பா, பாறை வெடிச்சிருக்கா, இல்ல உன் பென்சில் வழுக்கிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவே இல்லை. கிணற்றை நாள் முழுக்க இறைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்குப் பணம் ஒதுக்க மறுத்துவிட்டார்கள்.

ஆனால் கரேகோலில் வருடத்துக்கு ஒரு நாள் கிணற்று மோட்டார் ஓயாமல் ஓடும். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். உப்பில் ஊறிய முட்டைகோஸை ஊரே கூடிக் கழுவும். அன்று கழுவத் தொடங்கும் முன்னதாகவே அங்கே போனேன். மாதர் சங்கத் தலைவி ஓக்புன் அம்மா என்னிடம் யோசனை கேட்டார். என் ஆராய்ச்சிப் பட்டத்தை வைத்து அங்கே எல்லோரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டாக்டர், எம் மருமக மிர்யோங் சரியான பயந்தாங்கொள்ளி. மாசமா இருக்கால்ல, மேல பட்டறை இருக்குது, இந்தத் தடவை பைப்புத் தண்ணியிலயே கழுவலாம்னு உசுரை வாங்கறா. நீங்க என்ன சொல்றீங்க?"

"பைப்புத் தண்ணியில மருந்து கலக்கறாங்கம்மா. கோஸ் மொறுமொறுப்பு போயிடும். கிணத்துத் தண்ணியே தேவலை."

"கேட்டியாடி, படிச்சவரே சொல்லிட்டாரு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மோட்டாரைப் போட்டாள். நல்ல பெண்.

நானும் கையுறை மாட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினேன். இடையிடையே தண்ணீரைப் புட்டியில் பிடித்தேன். காரத்தைத் தடவி முடித்ததும் ஓக்புன் அம்மா வெந்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி என் வாயருகே நீட்டினார். பல்வலி என்று சொன்னேன்.

"ஐயோ பாவம், இன்னைக்குப் போயா பல்லு வலிக்கணும்" என்று அதை மருமகளுக்கு ஊட்டிவிட்டார்.

மதியத்துக்குப் பிறகு பிடித்த தண்ணீரில் அந்தத் திரவம் இருந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஆனால் ஒரு நாள் சோதனையை யார் நம்புவார்கள். அதனால் குளிர்காலம் முழுக்கப் போய்ப் பிடித்து வந்தேன். அவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். அளவு ஏறிக்கொண்டே போனது.

மிர்யோங்குக்குக் குழந்தை தங்கவில்லை. தண்ணீரால்தான் என்று மருத்துவர்களே உறுதியாகச் சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்வேன்?

முடிவுகளைப் பியோவின் மேசையில் வைத்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. நீ போட்ட கோடு சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டார்.

இறைக்காமல் விட்டிருந்தால் அது இன்னும் பல வருடம் பாறைக்குள்ளேயே கிடந்திருக்கும். மோட்டார்தான் இழுத்து வந்தது. மோட்டாரைப் போட வைத்தது நான். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் அன்று அது வரைபடத்தில் ஒரு கோடு மட்டும்தான், வெறும் ஊகம். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் நானே ஓடிப்போய்த் தடுத்திருப்பேன்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, இன்ஸ்பெக்டர். அன்று எனக்குப் பல்வலி இல்லை.