பெரியநாயகி சிஸ்டரின் ஏழாவது புத்தகம்

வினோதா: பாய் இல்ல சிஸ்டர், தலையணை. ஆளுக்கொரு தலையணையத் தூக்கிக்கிட்டு கதை கேக்க ஹோலுக்கு வருவோம்.

சிஸ்டர்: ஹொஸ்டல் தலையணையைக் கொண்டுவர மதர் விட்டிருப்பாவோ?

வினோதா: மதருக்கு எங்க தெரியும்… சனிக்கெழம பின்னேரம் அவங்க படுத்திருப்பாங்க. மழை தகரத்துல அடிக்கிற அடிக்கு நீங்க கத்திக் கத்தித்தான் கதை சொல்லுவீங்க.

சிஸ்டர்: கொலைக் கதையைக் கத்திச் சொன்ன கன்னியாஸ்திரி இந்த ஹட்டனில நான் ஒராள்தான்.

வினோதா: பொணத்தக் கண்டுபிடிக்கிற எடம் வந்தா சின்னவ சிவகௌரி என் கையப் புடிச்சுக்குவா. நகம் பதியும்.

சிஸ்டர்: ஓம்… சிவகௌரி. தேத்தண்ணி ஆறுது, குடியும்.

வினோதா: குடிக்கிறேன். இந்தப் பெட்டியத் தெறக்கலாமா?

சிஸ்டர்: கொஞ்சம் இரும். என்ன அவசரம்? கந்தப்பளையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தனீர்.

வினோதா: உங்க கடிதத்தப் பாத்ததும் லீவு போட்டுட்டேன். மட்டக்களப்புக்கு மாறிப் போறேன், கதைப் புத்தகங்கள நீங்க படிச்சுக்குடுக்குற பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு எழுதியிருந்தீங்க. அதெல்லாம் இன்னும் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. பதினொரு வருஷமாச்சு.

சிஸ்டர்: வேற ஆருக்குக் குடுக்கிறது? இங்க ஹொஸ்டல் பிள்ளையளுக்கு இப்ப டிவி இருந்தால் காணும்.

வினோதா: எங்க புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வராது. உங்க மாதிரி நாந்தான் தமிழ்ல மாத்திச் சொல்லணும்.

சிஸ்டர்: சொல்லுவீர்தானே?

வினோதா: புத்தகம் இல்லாமலே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கந்தப்பளையில பெரியநாயகி சிஸ்டரத் தெரியாத புள்ள இல்ல.

சிஸ்டர்: பெரியநாயகி… நீங்கள் வைச்ச பேரெல்லோ அது.

வினோதா: எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல இருந்து கொலைகாரனக் கண்டுபிடிக்கிற கன்னியாஸ்திரி. அந்தப் பேரு எங்க வாயில நொழையுமா? எங்க ஹொஸ்டல் மீனம்மாதான் பெரியநாயகின்னு வச்சா. அதுக்கப்புறம் நீங்களே அப்படித்தான் சொன்னீங்க.

சிஸ்டர்: ஒருநாள் பூசையில ஃபாதருக்கு முன்னாலையும் வாய் தவறிச் சொல்லிப்போட்டன். எந்தப் புனிதை எண்டு கேட்டார்.

வினோதா: என்ன சொன்னீங்க?

சிஸ்டர்: இருமினனான்.

வினோதா: மாட்டியிருந்தா புத்தகம் எல்லாம் அடுப்புக்குப் போயிருக்கும்.

சிஸ்டர்: ஒண்டு கேக்கவேணும் உம்மட்டை. கனகாலமாய் யோசிச்சிருக்கிறன். அது பழைய காலத்து மடம். சாகிறது வெள்ளைக்காரன், கொல்லுறதும் வெள்ளைக்காரன். தோட்டத்துப் பிள்ளையள் நீங்கள். அதுக்குள்ள என்னத்தைக் கண்டு அப்பிடி வாயைப் பிளந்துகொண்டு கேட்டனீங்கள்?

வினோதா: என்ன சிஸ்டர் இப்படிக் கேக்குறீங்க. அது எங்க தோட்டந்தானே.

சிஸ்டர்: என்ன?

வினோதா: மணியடிச்சா எழும்பணும். நெலம் பூராம் ஒரு தொரைக்குச் சொந்தம். அவருக்குக் கீழ கணக்கப்பிள்ளை. இருக்குற லயத்து வீடு நம்ம வீடு இல்ல. வெளிய போகணும்னா ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போகணும். ஒடம்புக்கு முடியலன்னா பச்சிலை. நீங்க அத வாசிக்கையில எங்கள்ல யாருக்கும் வெளக்கம் தேவப்படல. "அப்ப வெள்ளக்காரனும் ஒரு காலத்துல லயத்துலதான் இருந்திருக்கான்"னு மீனம்மா சொன்னாளே, ஞாபகம் இல்லையா?

சிஸ்டர்: இல்லை… நான் கதை சொல்லுற திறமை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.

வினோதா: அதுவுந்தான். ஆனா அந்த மாதிரி எடத்துல ஒரு பொம்பள… கையில ஒன்னும் இல்லாதவங்க… தொரைக்கு முன்னாடி நின்னு, "நீங்க சொல்றது பொய்"ன்னு மெதுவா சொல்லுவாங்க பாருங்க. அந்த ஒரு எடத்துக்காக ஒரு கிழமை பூரா காத்துக்கிட்டு இருப்போம். உங்களுக்கு என்னத்துக்காகப் புடிச்சுச்சு?

சிஸ்டர்: எனக்கோ… எங்களிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை, பிள்ளை. செபம் சொல்லச் சொல்லுவினம். தைக்கச் சொல்லுவினம். படிப்பிக்கச் சொல்லுவினம். நீர் என்ன நினைக்கிறீர் எண்டு கேக்கமாட்டினம். பெரியநாயகியிட்டை எல்லாரும் வந்து கேப்பினம். ராசாவின்ர ஆள் வந்தாலும் அவவின்ர கதவிலதான் தட்டுவான். "சொல்லுங்கோ தாயே, இதை ஆர் செய்தது?" அதை வாசிக்கேக்கை எனக்கு நெஞ்சு நிறையும்.

வினோதா: சொல்லவே இல்லையே.

சிஸ்டர்: எப்பிடிச் சொல்லுறது… சரி. திறவும் பெட்டியை.

வினோதா: பூச்சி அரிக்கல. நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஒன்னு… இதுல கெணத்துக்குள்ள குதிரைக்காரன். ரெண்டு, மூலிகைத் தோட்டம். மூணு… நாலு… இதுல நம்ம கேக் கறை இருக்கு பாருங்க, நத்தார் பண்டிகைக்கு வாசிச்சது. அஞ்சு. ஆறு…

சிஸ்டர்: வினோதா…

வினோதா: ஏழு.

சிஸ்டர்: ஓம்.

வினோதா: ஏழும் இருக்கே சிஸ்டர்.

சிஸ்டர்: நீர் களவெடுத்தனீர் எண்டு நான் எல்லாருக்கும் முன்னால சொன்ன புத்தகம்.

வினோதா: விடுங்க. பழைய கதை.

சிஸ்டர்: விடேலாது. நான் கதைக்கவேணும், நீர் இரும். தொண்ணூத்தாறாம் ஆண்டு. ரெண்டு மாதமாய் ஹொஸ்டலில சாமான் காணாமல் போகுது. சவர்க்காரம், மெழுகுதிரி, டோர்ச். எடுத்தவள் ஆராய் இருந்தாலும் அண்டைக்கே வீட்டை போகவேணும் எண்டு மதர் சொல்லிப்போட்டா. பிறகு இந்தப் புத்தகம். நாங்கள் இன்னும் துவங்கக்கூட இல்லை.

வினோதா: நீங்கதான் கண்டுபிடிக்கிறேன்னு சொன்னீங்க.

சிஸ்டர்: ஓம், அந்த வேலையை மதரிட்டைக் கேட்டு வாங்கினனான். புத்தக அலுமாரிக்கு முன்னால நிலத்தில மெழுகு சுரண்டின அடையாளம். உம்மட பாவாடைக் கரையில மெழுகு. ரெண்டையும் பொருத்திப் பார்த்தன். முப்பது பிள்ளையளையும் ஹோலில கூப்பிட்டு நிப்பாட்டினன்.

வினோதா: கைய பின்னால கட்டிக்கிட்டு நடந்தீங்க. பெரியநாயகி சிஸ்டர் கடைசி அத்தியாயத்துல நடக்குற மாதிரியே.

சிஸ்டர்: அண்டைக்கு எனக்குச் சந்தோஷம் பிள்ளை. அதைத்தான் என்னாலை மறக்கேலாமல் கிடக்கு. ஒரு பிள்ளை தலை குனிஞ்சு நிக்குது. எனக்கு உள்ளுக்குள்ள, கண்டுபிடிச்சிட்டன், கண்டுபிடிச்சிட்டன் எண்டு…

வினோதா: நான்தான் எடுத்தேன்னு நானே சொன்னேனே.

சிஸ்டர்: புத்தகம் எங்கை எண்டு மதர் கேக்க, ஆத்தில போட்டிட்டன் எண்டனீர். மத்தியானத்துக்குள்ள உம்மட அப்பாவைக் கூப்பிட்டாச்சு.

வினோதா: அப்பா பஸ்ல ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாரு. திங்கக்கிழம தோட்டத்து வேலைக்கு என் பேரப் பதிஞ்சுட்டாரு. ஓஎல் பரீட்சை எழுத வேண்டிய வருஷம். ரெண்டு வருஷம் கொழுந்து எடுத்துட்டுத்தான் அப்புறம் படிச்சேன்.

சிஸ்டர்: ஏன் ஒத்துக்கொண்டனீர்?

வினோதா: நீங்க இந்தப் புத்தகத்த எங்க கண்டீங்க?

சிஸ்டர்: முதல்ல நீர் சொல்லும்.

வினோதா: இல்ல சிஸ்டர். நீங்க.

சிஸ்டர்: …சிவகௌரியின்ர கட்டிலுக்குக் கீழ.

வினோதா: ஒரு துணிப் பைக்குள்ள. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவர்க்காரம், கொஞ்சம் பிஸ்கட்.

சிஸ்டர்: அப்ப உமக்குத் தெரியும்.

வினோதா: பக்கத்துக் கட்டில்தானே. தோள்ல மாட்டிக்கிட்டு ஓடுற மாதிரி வாரெல்லாம் வச்சுத் தச்சிருந்தா. என்னடி இதுன்னு கேட்டேன். "ஷெல் அடிச்சா வெளிக்கிடவேணும் அக்கா, போனமுறை நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை"ன்னா. பதிமூணு வயசு. அம்மா செத்து, அப்பா எங்கன்னு தெரியாம, யாழ்ப்பாணத்துல இருந்து உங்க சிஸ்டர்மாரோட வந்த புள்ள. ஹட்டன்ல ஷெல் விழாதுடின்னு சொன்னேன். அங்கயும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்களாம்.

சிஸ்டர்: புத்தகம் ஏனாம்?

வினோதா: பங்கருக்குள்ள இருக்கையில பொழுது போகாதாம். இன்னும் கேக்காத கதை ஒன்னு கையில இருக்கணுமாம். அந்த மெழுகுதிரி வெளிச்சத்துல அலுமாரியத் தெறந்திருக்கா. கீழ மெழுகு சொட்டிக் கெடந்துச்சு. நீங்க பாக்குறதுக்கு முந்தி நான் மண்டி போட்டுச் சுரண்டுனேன்.

சிஸ்டர்: அதுதான் பாவாடையில…

வினோதா: ஆமா.

சிஸ்டர்: நான் அவ்வளவு கெட்டிக்காரி.

வினோதா: ஹோல்ல நீங்க என் பக்கமாத் திரும்புனதும் கௌரி வாயத் தெறந்தா. நான்தான் கண்ணக் காட்டுனேன். அவள வெளிய அனுப்புனா அவ எங்க போவா? எனக்கு லயத்துல படுக்க ஒரு காம்பராவாவது இருந்துச்சு. நாலஞ்சு நாள்ல திரும்பக் கூப்பிட்டுக்குவீங்கன்னும் ஒரு நெனப்பு. அப்பா இப்படிச் செய்வாருன்னு எனக்குத் தெரியாது… அவ இப்ப எங்க?

சிஸ்டர்: கண்டியில நேர்ஸ். தையில கலியாணம். ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்குக் கார்ட் போடுவாள். உம்மட பேரை ஒருநாளும் எழுதமாட்டாள். எழுதத் துவங்கி வெட்டின மாதிரி ஒரு வரி கிடக்கும்.

வினோதா: பைய இன்னும் கட்டி வச்சிருக்காளா?

சிஸ்டர்: கேக்கப் பயம் எனக்கு. …வினோதா, நான் அந்தப் பையை எப்ப கண்டனான் எண்டு நீர் கேக்கேல்லை.

வினோதா: கேக்கல.

சிஸ்டர்: நீர் போய் மூண்டு கிழமை. அவளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சு. நான் படுக்கை மாத்தப் போனன். பையைத் திறந்த உடனை எல்லாம் விளங்கிட்டுது. அதிலேயே இருந்திட்டன். மதரிட்டைச் சொன்னால் நீர் திரும்பி வருவீர், அவள் வெளியில. சொல்லாட்டில்… நீர் மலையில. புத்தகத்தை எடுத்து என்ர பெட்டிக்குள்ள வைச்சன். பையைத் திரும்பக் கட்டி, அதுக்குள்ள புதுச் சவர்க்காரம் ஒண்டும் வைச்சன்.

வினோதா: நல்லது செஞ்சீங்க.

சிஸ்டர்: பொறும், முடியேல்லை. அடுத்த வியாழக்கிழமை ஒருத்தருக்கும் சொல்லாமல், உங்கட வீட்டுப் பக்கம் போற பொகவந்தலாவை பஸ்ஸில ஏறினன். உம்மட பிள்ளை கள்ளி இல்லை எண்டு அப்பாவிட்டை மட்டுமாவது சொல்லுவம் எண்டு. நோர்வூட் தாண்டுமட்டும் துணிவு இருந்தது. உங்கட தோட்டத்து வளைவில இறங்கினன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். மேல ஏற வழி கேட்டால் ஆரும் காட்டியிருப்பினம்… கேக்கேல்லை.

வினோதா: கௌரிக்காக.

சிஸ்டர்: அப்பிடித்தான் எனக்கு நானே சொன்னனான். அப்பா நியாயம் கேட்டு மதரிட்டை வருவார், பிறகு கௌரியின்ர கதி என்ன எண்டு. அது அரைவாசிதான். மிச்சம் வெக்கம். முப்பது பிள்ளையளுக்கு முன்னால சொன்னது பிழை எண்டு வந்து சொல்ல வெக்கம். போன பஸ் திரும்பி வந்தது. அதிலேயே ஏறி வந்திட்டன். பாவசங்கீர்த்தனத்திலயும் இதை முழுக்கச் சொன்னதில்லை. புத்தகம் குடுக்கிறது ஒரு சாட்டு, பிள்ளை. மட்டக்களப்புக்குப் போக முதல் இதைச் சொல்லத்தான் உம்மை வரச்சொன்னனான். ரெண்டு வருஷம்… நான் அந்தப் பாதையில ஏறியிருந்தால்…

வினோதா: நீங்க வந்தது தெரியும் சிஸ்டர். அன்னைக்கு மடுவத்துக்கு மேல் மலையிலதான் எங்களுக்கு வேலை. நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மாவும் பாத்துட்டாங்க. "உங்க சிஸ்டர் மாதிரி இருக்கு, சத்தம் போட்டுக் கூப்பிடவா"ன்னு கேட்டாங்க. வேணாம்மா, அது வேற யாரோன்னு சொல்லிட்டு நான் கொழுந்து எடுத்தேன்.